ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு

2023 ஜூன் முதல் வாரத்தில் அரிக்கொம்பனை லாரியில் ஏற்றி எங்கள் ஊர்ப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். கேரளத்தின் சின்னக்கானலில் அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த யானை. ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது ஒரு மாதத்தில் கம்பம் நகரத்துத் தெருவுக்குள் வந்து நின்றது. மறுபடி மயக்க ஊசி, மறுபடி லாரி. இந்த முறை மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி, மாஞ்சோலைக்கும் மேலே, கோதையாற்றுக் காட்டில் விடுவதாக முடிவு. ஊரில் மூன்று நாள் வேறு பேச்சில்லை. அப்போது நான் சென்னை வேலையை மணிமுத்தாறு வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வயது மகள் டிவியில் லாரியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒரு அரிக்கொம்பன் வேணும். கடையில இருக்கது வேண்டாம். நீ பின்னிக் குடு."

குரோஷா ஊசியை நான் கையில் எடுத்தது 2020 ஊரடங்கில். டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டத்தட்டுகளைத் தாண்டி எதையும் செய்ததில்லை. யானை என்றதும் யூடியூபில் ஒரு பேட்டர்னைத் தேடி எடுத்தேன். அம்பாசமுத்திரம் ஃபேன்சி ஸ்டோரில் சாம்பல் நிற உல்லன் ஆறு பந்து வாங்கினேன். தலையில் ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து என் கையில் இருந்தது தலை இல்லை. அம்மா எட்டிப்பார்த்துவிட்டு, "என்னல இது, பூக்கோசு மாதிரி இருக்கு?" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பூக்கோசைப் பற்றியது. பொம்மை பின்னுகிற எல்லோரும் 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். பேட்டர்ன் புத்தகங்களின் முன்னுரையிலும் அந்த வரி இருக்கிறது, வீடியோக்களின் கடைசி நிமிடத்திலும் இருக்கிறது. அது உண்மைதானா, யாருக்கு உண்மை என்று பார்க்க நினைக்கிறேன்.

*

முதலில் தவறு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

குரோஷாவில் செய்யும் பொம்மைகளுக்கு ஜப்பானியப் பெயர் 'அமிகுருமி'. 'அமி' என்றால் பின்னல், 'நுயிகுருமி' என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் ஒட்டிய சொல். பெரும்பாலான பொம்மைகளுக்கு அடிப்படை ஒரு உருண்டை. நூலில் ஒரு வளையம் போட்டு அதற்குள் 6 தையல். அடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட்டு 12. அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரட்டிப்பு, 18. பிறகு 24, 30, 36. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூடும். வேண்டிய அகலம் வந்ததும் கூட்டாமல் சில சுற்று, பின் அதே கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து மூடிவிட வேண்டும்.

ஏன் ஆறு? இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு சிங்கிள் குரோஷே தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு சுற்று போட்டால் ஆரம் ஒரு தையல் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 2π கூட வேண்டும். அது 6.28. அதனால்தான் ஆறு. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம் விரலில் தட்டுப்பட்டது அன்றுதான். ஆறைவிடக் குறைவாகக் கூட்டினால் தட்டை வட்டம் வராது, கிண்ணம் மாதிரி குவியும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் இடம் போதாமல் அலை அலையாக நெளியும்.

நான் செய்தது இதுதான்: 'ஒவ்வொரு தையலிலும் இரண்டு' என்பதை இரண்டாம் சுற்றோடு நிறுத்தாமல் எல்லாச் சுற்றிலும் செய்துவிட்டேன். 6, 12, 24, 48, 96. ஐந்தாம் சுற்றில் 30 இருக்க வேண்டிய இடத்தில் 96. கூட்டல் தொடர் பெருக்கல் தொடராகிவிட்டது. யானைத் தலை பூக்கோசானது.

இது பெரிய தவறு, கண்ணில் அடிக்கும். சின்னத் தவறுகள்தான் ஆபத்து. அமிகுருமியில் சுற்றை மூடாமல் சுருளாகவே போவார்கள். அதனால் ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது துணியில் தெரியாது. முதல் தையலில் ஒரு மார்க்கரை மாட்டிவைக்க வேண்டும். அதை மறந்தால் ஒரு தையல் முன்னே பின்னே போய்விடும். எங்கள் தொழிலில் இதற்கு 'ஆஃப் பை ஒன்' என்று பெயர். எந்த வரியில் நடந்ததோ அங்கே தெரியாது, நாற்பது வரி தள்ளித்தான் தெரியும். என் யானையின் இடது முன்னங்கால் வலதைவிட ஒரு தையல் தடிமன். தைத்து முடித்துத் தரையில் நிறுத்தும்போதுதான் அது சாய்ந்தது.

சில தவறுகள் தவறாகவே தங்குவதில்லை. ஊசியால் நூலை மேலிருந்து கொக்கி போட்டு இழுத்தால் தையல் எக்ஸ் வடிவில் விழும், நூலை ஊசிக்கு மேல் சுற்றி இழுத்தால் வி வடிவில் விழும். புதிதாகப் பழகுகிறவர்கள் தெரியாமல் எக்ஸ் போடுவார்கள். இன்று அதையே விரும்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இன்னும் இறுக்கமாகவும் வரிசையாகவும் இருக்கிறதாம். சில தவறுகளைத் திருத்தவே முடியாது. பொம்மைக்கு வைக்கும் பிளாஸ்டிக் கண்ணின் பின்புறம் ஒரு வாஷரை அழுத்தி மாட்டுவார்கள். அது ஒருமுறை பூட்டிக்கொண்டால் பிறகு கழற்ற வராது. மற்ற எல்லாவற்றையும் பிரிக்கலாம், கண் மட்டும் வைத்த இடத்தில் வைத்ததுதான்.

பிரிப்பது என்பதுதான் இந்தக் கலையின் தனிச்சிறப்பு. நெய்த துணியை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். சுட்ட பானையைத் திரும்ப மண்ணாக்க முடியாது. குரோஷாவில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் திறந்திருக்கும். ஊசியை உருவி நூலை இழுத்தால் மொத்தமும் வந்த வழியே திரும்பிப் போகும். ஆங்கிலத்தில் இதைத் 'தவளை விடுவது' என்பார்கள். 'ரிப் இட், ரிப் இட்' என்று சொன்னால் தவளை கத்துவது மாதிரி இருக்குமாம். பூக்கோசைப் பிரிக்க எனக்கு மூன்று நிமிடம்தான் ஆனது. நூல் கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான் சேதம்.

*

பேட்டர்னை ஒரு எழுத்து வகையாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். அதில் சரியான வழி மட்டும்தான் இருக்கும். 'சுற்று 7: ஐந்து தையல், ஒரு இரட்டிப்பு, ஆறு முறை. மொத்தம் 42.' உங்களுக்கு 41 வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. அந்த 'மொத்தம் 42' மட்டும்தான் எழுதியவர் நம்மீது காட்டும் கருணை. அது ஒரு சோதனைச் சாவடி. அங்கே எண்ணிப் பார்த்தவன் பிழைத்தான்.

வீடியோக்கள் இன்னும் மோசம். பிரித்துப் போட்ட காட்சிகளை வெட்டிவிடுவார்கள். பார்ப்பவனுக்கு, இந்தக் கைகள் தவறே செய்யாத கைகள் என்று தோன்றும். இதற்கு நேர் எதிராக இன்னொரு வகை ரீல்ஸ் உண்டு: 'நான் நினைத்தது, எனக்கு வந்தது.' நான்கு கால் ஒட்டகச்சிவிங்கி, ஐந்தாவது காலாகக் கழுத்து. லட்சம் பேர் சிரிப்பார்கள். முதல் வகை தவறை மறைக்கிறது, இரண்டாவது வகை தவறை விற்கிறது. நடுவில் இருக்கும் வேலையை, அதாவது துணியை விரலால் வருடி, தையலை எண்ணி, 'இங்கேதான் தவறினேன்' என்று கண்டுபிடிக்கும் அந்த இருபது நிமிடத்தை, இரண்டுமே காட்டுவதில்லை. கற்பது நடப்பது அங்கேதான். பொம்மை உலகம் தவறைப் பற்றி இவ்வளவு பேசியும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுத ஆளில்லை என்பது என் முதல் புகார்.

தவறைப் பற்றித் தீவிரமாக யோசித்த ஒரு குரோஷா உலகம் வேறு இடத்தில் இருக்கிறது. 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்விய கணிதவியலாளர், மாணவர்களுக்கு ஹைபர்போலிக் தளத்தைத் தொட்டுக் காட்ட விரும்பினார். காகித மாதிரிகள் இருந்தன, சீக்கிரம் கிழிந்துவிடும். அவர் குரோஷா ஊசியை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் ஒரே விகிதத்தில் தையலைப் பெருக்கிக்கொண்டே போனார். நெளிநெளியாக ஒரு தளம் வந்தது. அது கிழியாது, மடிக்கலாம், அதன்மீது நேர்கோடு தைத்துக் காட்டலாம். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் பூக்கோசேதான். நான் தெரியாமல் செய்ததை அவர் தெரிந்து செய்திருக்கிறார். இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2009இல் வெளியானது. விநோதமான தலைப்புக்கான பரிசையும் வாங்கியது, பின்னாளில் கணித நூலுக்கான ஆய்லர் பரிசையும் வாங்கியது.

அதன் தொடர்ச்சியாக 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டீன் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் குரோஷா பவளப்பாறையைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வளர்ந்தவர்கள், பெரும் பவளத்திட்டு இருக்கும் மாநிலம். டைமினாவின் விகிதத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றாமல், அங்கங்கே மாற்றி, விட்டு, கூட்டிப் பின்னியபோது அது கணித மாதிரி மாதிரி இல்லாமல் உயிருள்ள பவளம் மாதிரி இருந்தது என்கிறார்கள். பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பின்னினார்கள். 2019 வெனிஸ் பியெனாலேவரை அது போனது.

அழகான யோசனைதான். அதில் எந்தப் பிழையும் ஒரு புதிய உயிரினம். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எந்தத் தையல் விழுந்தாலும் பவளம் என்றால், அங்கே தவறு என்று ஒன்று இல்லவே இல்லை. அதை மன்னிப்பு என்று சொல்லலாம், கற்றல் என்று சொல்ல முடியாது. யானை அப்படி விடாது. மகள் கையில் கொடுத்ததும் அவள் கேட்கப்போவது, "இதுக்கு ஏன் காது சுருங்கியிருக்கு?" பொம்மைக்கு ஒரு பொருள் இருக்கிறது, அந்தப் பொருளிடம் நாம் பதில் சொல்ல வேண்டும். அதனாலேயே பவளப்பாறையைவிடச் சாதாரணப் பொம்மை கறாரான வாத்தியார் என்று நினைக்கிறேன்.

*

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாய்மொழியாகச் சொன்னேன். தவளை விஷயம் அவளுக்குப் பிடித்தது. 2π பிடிக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "உனக்கென்னல, நூலு உனக்குத் திரும்பக் கிடைக்கி" என்றாள்.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றியவள். அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பெண்கள் மடியில் சொளகு இல்லாத தெருவை அந்தக் காலத்தில் பார்ப்பது கஷ்டம். இலையை நனைத்து, தகடு வைத்து அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டி, இருபத்தைந்தாகக் கட்டுப் போட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒருவர் கட்டைப் புரட்டிப் பார்ப்பார். இது லூசு, இது இறுக்கம், இது இலை ஓட்டை என்று கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. அம்மா கொடுத்த இடத்தில் கழித்த பீடியும் திரும்பி வராது. கொடுத்த இலை ஓட்டையாக இருந்தாலும் கணக்கு மட்டும் ஆயிரம்தான், குறைந்தால் சொந்தக் காசில் இலை வாங்க வேண்டும்.

பிரித்துச் சுற்ற முடியாதா என்று கேட்டேன். "ஈரம் இருக்கதுக்குள்ள பிரிச்சாத்தான் உண்டு. காஞ்சா இல உடஞ்சிரும்" என்றாள்.

இதே வேலையை ஊசியோடு செய்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் உண்டு. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்டது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த பின்னல் அங்கே ஏற்றுமதித் தொழிலானது. ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி சேர்ப்பாள். வியாபாரம் ஆண்கள் கையில். ஒரு நாளில் பல மணி நேரம் பின்னுகிற பெண்ணைத் தொழிலாளி என்று யாரும் எண்ணுவதில்லை, வீட்டுப் பெண் ஓய்வு நேரத்தில் கைவேலை செய்கிறாள் என்பார்கள். மீஸின் வாதம் சுருக்கமாக இதுதான்: அந்த 'ஓய்வு நேரம்' என்ற சொல்தான் கூலியைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. 2024இல் நரசாப்பூர் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மீஸின் புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக எல்லோருக்கும் தெரியும். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள். அவர் இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, தலையணைமீது குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் பின்னல். அதே 1840களில் அயர்லாந்தின் பஞ்சத்தில் ஏழைப் பெண்கள் பிழைக்கக் குரோஷா லேஸ் பின்னினார்கள். இடம் வேறு, ஊசி வேறு. ஆனால் பெண்ணின் கையும் தொலைவில் ஒரு வாங்குபவரும் இரண்டிலும் உண்டு.

இன்றும் இது மாறவில்லை. பின்னலாடைக்கு மிஷின் உண்டு, உண்மையான குரோஷா தையலைப் போட்டுத் தள்ளும் மிஷின் சந்தையில் இல்லை. ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு குரோஷா யானை பார்த்தேன். என் யானைக்கு, பிரித்தது எல்லாம் சேர்த்து, முப்பது மணி நேரம் ஆனது. தேர்ந்த கைக்கு ஐந்து மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த முந்நூறில் நூலும் பஞ்சும் கூரியரும் கமிஷனும் போக, அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பெண் 41 தையல் போட்டுவிட்டால் பிரிப்பதற்கு அவளுக்கு நேரம் இருக்குமா?

*

மென்பொருள் வேலையில் நாங்களும் தவறைக் கொண்டாடுகிறவர்கள்தான். சர்வர் விழுந்தால் 'யார்மேலும் பழி போடாத போஸ்ட்மார்ட்டம்' நடத்துவோம். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப ஒரு கட்டளை போதும். தவறு செய்த மாதமும் சம்பளம் வரும். அதனால்தான் எங்களால் தவறிலிருந்து கற்க முடிகிறது. நாங்கள் புத்திசாலிகள் என்பதால் இல்லை.

எனக்கு இதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்ஜினியரிங்கில் எனக்கு நான்கு அரியர். இரண்டாம் செமஸ்டர் கணக்கு மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஃபீஸ் கட்டியது பீடிக் காசு. அக்கா பத்தாம் வகுப்பில் அதே கணக்கில் ஒருமுறை ஃபெயிலானாள். அவளுக்கு மறுமுறை கிடைக்கவில்லை, சொளகு கிடைத்தது. வீட்டில் இரண்டு பேர் ஒரே தவறைச் செய்தோம். ஒருவனுக்கு அது பாடமானது, ஒருத்திக்குத் தீர்ப்பானது. இன்று 2π பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் நான். இது குற்றவுணர்ச்சிக்காகச் சொல்வதில்லை. 'தவறிலிருந்து கற்றுக்கொள்' என்ற வரிக்குள் நூலை யார் திருப்பித் தருவது என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. என் விஷயத்தில் அதற்குப் பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தவறுக்கு விலை இருந்தால்தானே கை சுத்தமாகும்? பட்டினி பயம் இருந்ததால்தானே அந்தக் காலத்து வேலை அவ்வளவு நேர்த்தி? பழைய கைவேலைகளைப் புகழ்கிறவர்கள் பலர் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். அம்மாவிடமே கேட்டேன். கழித்துக் கழித்துத்தான் கற்றுக்கொண்டாயா?

"கழிச்சா என்னத்தப் படிப்ப? பயந்துதான் வரும்" என்றாள். பிறகு தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவார்களாம். அம்மா கட்டுப் போடுவதற்கு முன் பெரியம்மா கையை நீட்டி, லூசாக இருப்பதை எடுத்து, ஈரம் காய்வதற்குள் பிரித்து, "இங்கன அமுக்கு" என்று திரும்பச் சுற்றிக் காட்டுவாளாம். கடைக்காரர் கண்ணில் படுவதற்கு முன் அந்தத் தவறு திண்ணையிலேயே முடிந்துவிடும். அம்மா கற்றது அங்கே. கடையில் கழித்த பீடிகள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: பழகிய விதத்தை மாற்றிப் பார்க்காதே. முப்பது வருடம் அவள் மாற்றிப் பார்க்கவே இல்லை.

நான் தேடிய அந்த இருபது நிமிடம் இதுதான். பேட்டர்னிலும் வீடியோவிலும் இல்லாதது, மியூசியத்துப் பவளத்திலும் இல்லாதது. பக்கத்தில் ஒருவர், பிரிக்க நேரம், பிரித்த பொருள் கையிலேயே இருப்பது. இந்த மூன்றும் இருந்தால் தவறு கற்றுக்கொடுக்கும். இல்லாத இடத்தில் போய் 'தவறு செய்யப் பயப்படாதே' என்று சொல்வது, நமக்கு நல்ல பெயர் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

அரிக்கொம்பன் முடிந்தது ஆகஸ்டில். வலது கண் இடதைவிட ஒரு வரி கீழே. வாஷர் பூட்டிவிட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை. மகள் அதைக் கண்டுபிடித்து, அது மயக்க ஊசி போட்ட கண் என்று முடிவுசெய்துவிட்டாள். நான் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அடுத்த பொம்மைக்குக் கண் வைக்கும் முன் இரண்டு பக்கமும் வரியை எண்ணுகிறேன்.

இப்போது அம்மா ஊசி பிடிக்கிறாள். அறுபத்திரண்டு வயது, விரல் முட்டியில் வலி, அதனால் பெரிய ஊசி, தடித்த நூல். சொன்னால் கேட்க மாட்டாள், எண்ணுவதும் இல்லை. நேற்று ஒரு முயலுக்குத் தலை ஆரம்பித்தாள், நான்காம் சுற்றில் 26 வந்திருந்தது. மார்க்கர் எங்கே என்றேன். முறைத்தாள். பிறகு ஊசியை உருவி, நூலை மெதுவாக இழுத்து, பந்தில் சுற்றிக்கொண்டே, "எங்கன தப்புச்சுன்னு பாரு" என்று என் பக்கம் நீட்டினாள்.